அயல்நாட்டு ரயில்: இன்றே வாங்குவதா, அன்று வாங்குவதா?

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் சுக்கு மணமும் ஈரச் சாக்கின் மணமும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்படியொரு ஜூன் மாதக் காலையில், குடையை வாயிற்படியில் உதறி வைத்துவிட்டு எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்தமர்ந்தார். விருதுநகரிலிருந்து இளம் வயதில் கொச்சிக்கு வந்து, நாற்பது ஆண்டுகள் மிளகுத் தரகு செய்து, இப்போது ஓய்விலிருப்பவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். ஆகஸ்டில் முதிர்வடைய வேண்டிய ஒரு வைப்புத்தொகை ரசீதை மேசைமேல் வைத்து, அதை இன்றே முடித்துத் தரவேண்டும் என்றார்.

காரணம் கேட்டேன். மகளும் மருமகனும் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிறார்கள். செப்டம்பரில் அண்ணாச்சியும் அவருடைய மனைவியும் மூன்று வாரம் அங்கே செல்லத் திட்டம். பிராங்பர்ட் விமான நிலையத்திலிருந்து ஸ்டுட்கார்ட், அங்கிருந்து பாரிஸ் சென்று திரும்புதல், பிறகு சுவிட்சர்லாந்தில் நான்கு நாள் என ரயில் பயணங்களை மகள் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தாள். இன்று வாங்கினால் பாதி விலை, நாள் செல்லச் செல்ல ஏறும் என்றும் எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் கூட்டினால் ஐம்பதாயிரம் ரூபாயை நெருங்கியது.

"மிளகில் நான் செய்யாத முன்பேரமா தம்பி? ஏறும் என்று தெரிந்த பிறகு இன்றே வாங்கிப் போடவேண்டியதுதானே?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. எங்கள் கிளையிலிருந்து நடக்கும் தூரத்தில், யூதர் தெருவில், 1957-இல் தொடங்கப்பட்ட இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. கணினி வருவதற்கு முன் அங்கே தரகர்கள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே உரக்கக் கூவி, அடுத்துவரும் மாதங்களின் மிளகுக்கு விலை பேசினார்கள். இன்னும் காயாத மிளகை இன்றைய விலைக்கு வாங்கி வைப்பதுதான் முன்பேர வணிகம். அண்ணாச்சியின் கண்ணுக்கு மகள் அனுப்பிய பட்டியலும் அதே சரக்காகத் தெரிந்தது.

ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மிளகு ஒப்பந்தம் வேண்டாமென்றால் மறுநாளே வேறொருவருக்கு விற்றுக் கணக்கை நேர்செய்துவிடலாம். நட்டம் வந்தாலும் விலை வேறுபாட்டளவில்தான் வரும். மலிவு விலை ரயில் சீட்டோ உங்கள் பெயருக்கு மட்டுமே எழுதப்பட்டது. பிறருக்கு மாற்ற இயலாது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ரயிலில் நீங்கள் ஏறாவிட்டால் அதன் மதிப்பு சுழியம். வெளியேறும் வழியில்லாத முன்பேரம் அது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு சற்று யோசித்தார். அன்று எங்களுக்குள் நடந்த உரையாடலையும், அதன்பின் நான் அவருக்காகத் திரட்டியவற்றையும் பிற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் பழக்கத்தைப் பார்ப்போம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்ல வேண்டுமானால் முன்பதிவு தொடங்கும் நாளில் காலை எட்டு மணிக்கு விரலைத் தயாராக வைத்திருப்பவர்கள் நாம். 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்த பிறகும் அந்தப் பதற்றம் குறையவில்லை. காத்திருப்போர் பட்டியல், பகிர்விருக்கை, தட்கல் என்று நம் அகராதியே இடமின்மையைச் சுற்றி அமைந்தது. மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்க்க வரும் வெளிநாட்டவர்கள் பணம் மாற்ற வரும்போது இதே கேள்வியை என்னிடம் திருப்பிக் கேட்பார்கள். ஆலப்புழைக்குச் செல்ல முன்பதிவு வேண்டாம், எர்ணாகுளம் நிலையத்தில் சீட்டு எடுத்து ஏறிவிடலாம் என்பேன். இரவு முழுவதும் செல்லும் ரயில் என்றால், வெளிநாட்டுப் பயணிகளுக்கு 365 நாள் முன்பே பதிவுசெய்ய வசதி இருக்கும்போது ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்பேன். ஒரே நாட்டிலேயே இரு விடைகள்.

நம் நாட்டில் தொலைதூரப் பயணத்துக்குச் சீட்டு என்றால் இடம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலான ரயில்களில் அப்படியல்ல. சீட்டு என்பது பயணம் செய்யும் உரிமை. இருக்கை தனிப் பொருள். வேண்டுமானால் சில யூரோ கூடுதலாகக் கொடுத்து இருக்கையை ஒதுக்கிக்கொள்ளலாம், இல்லையேல் காலியாக இருக்கும் இடத்தில் அமரலாம், கூட்டமென்றால் நிற்கலாம். ஆகவே அங்கே இடம் கிடைக்காது என்ற அச்சத்தில் முன்பதிவு செய்யத் தேவையில்லை. விலை ஒன்றே கேள்வி.

ஜெர்மானிய ரயில்வேயின் விலைமுறை நம் வங்கிக் கணக்குகளைப் போன்றது. ஃபிளெக்ஸ்பிரைஸ் என்னும் முழுக்கட்டணச் சீட்டு சேமிப்புக் கணக்கு. அந்நாளில் எந்த ரயிலிலும் ஏறலாம்; ரத்தும் செய்யலாம். ஷ்பார்பிரைஸ் வைப்புத்தொகை. குறிப்பிட்ட ரயிலில்தான் ஏறவேண்டும். முன்கூட்டி முடித்தால் பிடித்தம் உண்டு. சூப்பர் ஷ்பார்பிரைஸ் எல்லாவற்றிலும் மலிவு. ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது. இம்மூன்றையும் அறியாமல் மலிவானதைப் பார்த்த மாத்திரத்தில் தொட்டுவிடுகிறவர்களே அதிகம். மகள் அனுப்பியிருந்த விலைகள் அனைத்தும் மூன்றாம் வகை என்பதை அண்ணாச்சியின் கைபேசியிலேயே காட்டினேன்.

சுவிட்சர்லாந்து வேறு உலகம். சூரிச்சிலிருந்து பெர்ன் செல்ல அரைமணிக்கு ஒரு ரயில். சாதாரணச் சீட்டு மூன்று மாதம் முன் வாங்கினாலும் நடைமேடைக்குச் செல்லுமுன் வாங்கினாலும் ஒரே விலை. குறிப்பிட்ட ரயிலுக்குக் கட்டுப்பட்ட சலுகைச் சீட்டுகளும் உண்டு. ஆயினும் சுற்றுலாப் பயணிக்கு அரைக்கட்டண அட்டையோ, நாடு முழுவதும் செல்லும் பயண அட்டையோ வசதியானது. அங்கே மலையைப் பார்க்கத்தான் செல்கிறோம். மலையோ மேகம் விலகும் நாளில்தான் தெரியும். எந்த நாள் மேகம் விலகும் என்பதை ஜூன் மாதத்தில் மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு யார் சொல்ல முடியும்? விதிவிலக்கு ஒன்று: செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை எட்டு மணி நேரம் செல்லும் கிளேசியர் எக்ஸ்பிரஸ், மற்றும் பெர்னினா எக்ஸ்பிரஸ் போன்ற காட்சி ரயில்கள். இவற்றில் இருக்கைப் பதிவு கட்டாயம். கோடையில் விரைவில் நிறைந்துவிடும்.

பிரான்சின் டிஜிவி அதிவேக ரயில்களிலும் எல்லா இருக்கைகளும் பதிவுக்குரியவை. விமானச் சீட்டைப் போலவே விலை ஏறும். விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் சென்று நின்றால் இடமே இல்லாமலும் போகலாம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு மூன்றே கால் மணி நேரத்தில் செல்லும் ரயிலும், லண்டன்–பாரிஸ் யூரோஸ்டாரும் இந்த வகையே. இத்தாலியில் பெருநகரங்களை இணைக்கும் விரைவு ரயில்களுக்கு முன்பதிவு பலன் தரும். பிளாரன்ஸிலிருந்து பீசா செல்வதுபோன்ற வட்டார ரயில்களில் கட்டணம் மாறாது, அன்று வாங்கினால் போதும். காகிதச் சீட்டு என்றால் ஏறுமுன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட மறந்துவிடக் கூடாது, மறந்தால் அபராதம். பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் கவனிக்க வேண்டியது, அட்வான்ஸ் என்னும் மலிவுச் சீட்டுகள் பொதுவாக 8 முதல் 12 வாரங்களுக்கு முன்தான் விற்பனைக்கு வருகின்றன என்பது. அதற்கு முன் தேடிப் பார்த்து, விலை அதிகம் என்று மலைத்துப் பயனில்லை. பிள்ளைகளிடம் இளைஞர் ரயில் அட்டை இருந்தால் அவர்களுடைய கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அண்ணாச்சியிடம் நான் கேட்ட முக்கியமான கேள்வி விலையைப் பற்றியதே அல்ல. "விசா வந்துவிட்டதா?" என்றுதான் கேட்டேன். இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும். கூடுதல் ஆய்வு வேண்டுமென்றால் 45 நாள் வரை ஆகலாம். கோடைக்காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. விசா கிடைக்காமல் போனாலோ தேதி தள்ளிப்போனாலோ மூன்றாம் வகைச் சீட்டுக்குக் கொடுத்த பணம் முழுவதும் போய்விடும். பயணத் திட்டத்தைக் காட்டினால்தான் விசா என்பதால் எல்லாச் சீட்டுகளையும் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள் சிலர். திட்டத்தைக் காட்டுவது வேறு, திரும்பாத பணத்தைக் கட்டுவது வேறு. ரத்து செய்யக்கூடிய பதிவுகளைக் கொண்டே திட்டத்தைக் காட்டலாம்.

பெயர்ச் சிக்கல் ஒன்றும் தமிழருக்கே உரியது. நாம் முன்னெழுத்தோடு வாழ்கிறோம். கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் விரிந்து குடும்பப்பெயராக நிற்கிறது. ஜெர்மானிய மின்சீட்டில் உள்ள பெயரை அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். மகள் பழக்கத்தில் தந்தையின் பெயரை முன்னெழுத்துடன் பதிந்துவிட்டால், ஓடும் ரயிலில் பரிசோதகரிடம் விருதுநகர் வழக்கத்தை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவது நலம்.

அடுத்து, விமானம் இறங்கும் நாளின் ரயில். இதை நான் கைப்பொருள் இழந்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் பாரிஸில் இறங்கி, விமான நிலையத்திலிருந்தே லியோன் செல்லும் அதிவேக ரயிலில் மூவருக்கும் மலிவுச் சீட்டு வாங்கியிருந்தேன். விமானம் இறங்குவதற்கும் ரயிலுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி இருந்தது. போதும் என்றே நினைத்தேன். வழியில் விமானம் மாறிய இடத்தில் ஏற்பட்ட தாமதத்தால் நாங்கள் இறங்கியபோது ரயில் சென்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த ரயிலுக்கு மூன்று மடங்கு விலை கொடுத்தேன். ரயில் தாமதமாகி, இணைப்பு ரயில் தவறியிருந்தால் ரயில்வே பொறுப்பேற்றிருக்கும். விமானத் தாமதம் அவர்கள் கணக்கில் வராது. என் மனைவி அந்தச் செலவை இன்றளவும் எங்கள் வீட்டு வரவு செலவுக் கணக்கில் என் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

பொறுப்பேற்றல் என்று சொன்னேனே, அது சீட்டு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம்மவர் இதை ஒருகாலத்தில் நன்கு அறிந்திருந்தனர். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறி ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி முடிந்தது. இன்றைய ஐரோப்பாவிலும் முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக வாங்கினால் இடையில் இணைப்பு தவறும்போது அடுத்த ரயிலில் அனுப்பிவைக்கும் கடமை விற்றவருக்கு உண்டு. சில யூரோ மிச்சம் பிடிக்க இரண்டு மூன்று சீட்டுகளாகப் பிரித்து வாங்கினால் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 விழுக்காடும் கேட்டுப் பெறலாம். இயற்கைச் சீற்றம் போன்ற சில சூழல்கள் மட்டும் விலக்கு.

ஐரோப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கிழக்கே செல்பவர்களும் இப்போது குறைவில்லை. ஜப்பான் செல்பவர்கள் பழைய அறிவுரையை நம்பி ரயில் பயண அட்டையை இங்கிருந்தே வாங்கிவிடுகிறார்கள். ஏழு நாள் அட்டையின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ சென்று திரும்ப ஏறத்தாழ 28,000 யென்தான் ஆகும். அந்த இரு நகரங்களை மட்டும் பார்ப்பவருக்கு அட்டை நட்டம். அங்கே புல்லட் ரயில்கள் சில நிமிடங்களுக்கு ஒன்றாகச் செல்வதால், புத்தாண்டு, மே மாதத் தொடக்கம், ஆகஸ்டு நடு ஆகிய விடுமுறைக் காலங்கள் தவிர அன்றன்று வாங்கலாம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஐந்தே நிமிடத்தில் செல்லும் மலேசிய ரயிலுக்கோ வார இறுதியில் முன்பதிவில்லாமல் இடமே கிடைக்காது. இலங்கையில் கொழும்புக் கோட்டையிலிருந்து எல்ல வழியாகப் பதுளை செல்லும் மலை ரயிலின் பதிவிருக்கைகள் 30 நாள் முன் விற்பனைக்கு வந்து, வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். இடைத்தரகர்கள் பல மடங்கு விலை கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். பதிவில்லாப் பெட்டிக்கு அன்றே சீட்டு எடுத்து, கதவோரம் நின்று தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துச் செல்வோர் அநேகர். மழைக்காலம் என்றால் மண்சரிவின்றிப் பாதை இயங்குகிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

வங்கி அலுவலர் என்ற முறையில் பணம் கட்டும் பகுதியையும் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையவழிப் பயன்பாட்டையும் கைபேசிச் செயலியிலோ கிளையிலோ நீங்களே இயக்க வேண்டும். வரம்பையும் தேவைக்கேற்பக் குறைத்து வையுங்கள். பல வெளிநாட்டுத் தளங்களில் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கப்படாமலே பணம் சென்றுவிடும். யூரோவிலா ரூபாயிலா என்று தளம் கேட்டால் அந்நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபாய் என்றால் எளிது போலத் தோன்றும். ஆனால் மாற்று விகிதத்தை விற்பவர் தமக்குச் சாதகமாக வைத்திருப்பார். கடன் அட்டைகளில் அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணமாகப் பெரும்பாலும் 2 முதல் 3.5 விழுக்காடு வரை சேர்கிறது. இருநூறு யூரோ சீட்டில் பத்து யூரோ மிச்சம் பிடித்தோம் என்று மகிழ்பவர்கள் இதையும் கழித்துப் பார்க்க வேண்டும். ரத்து செய்த சீட்டின் பணம் திரும்பும்போது அன்றைய மாற்று விகிதத்தில்தான் வரும். கட்டிய தொகையே ரூபாயில் திரும்பாதது கண்டு கிளைக்கு வந்து சினந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே சென்று வாங்குவதாக முடிவு செய்தால் அட்டையின் இரகசிய எண் நினைவில் இருக்கட்டும். நிலையத்து இயந்திரம் அதைத்தான் கேட்கும்.

மீண்டும் அந்த ரசீதுக்கு வருகிறேன். முதிர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் வைப்புத்தொகையை முடித்தால் வட்டி குறையும். பணம் உடனே வேண்டுமென்றால் அதன் பேரில் கடன் பெறலாம். ஐம்பதாயிரத்துக்கு இரண்டு மாத வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று வைத்தாலும் எழுநூறு ரூபாயை எட்டாது. அண்ணாச்சி ஒரு தாளைக் கேட்டு வாங்கி, மகளின் பட்டியலை மீண்டும் எழுதினார். பிராங்பர்ட்–ஸ்டுட்கார்ட்டை அடித்துவிட்டு, அன்றே முழுக்கட்டணம் என்று எழுதினார். சுவிட்சர்லாந்தை அடித்தார். பாரிஸ் மட்டும் மிஞ்சியது. அதற்கு நேரே 'விசா வந்த அன்று' என்று எழுதி, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஜெர்மானிய ரயிலில் இருக்கையை மட்டும் தனியாகப் பதியச் சொன்னேன். அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

விசா ஜூலைக் கடைசியில் வந்தது. அதற்குள் பாரிஸ் சீட்டு ஆளுக்கு இருபது யூரோவுக்கும் மேல் ஏறிவிட்டது என்று மகளுக்குச் சற்று வருத்தம். "அது காப்பீட்டுத் தவணை" என்று தந்தை சொல்லிவிட்டாராம். அந்த இருபது யூரோவுக்கு நானும் ஒருவகையில் பொறுப்பு. ஒருவேளை விசா பத்து நாளில் வந்திருந்தால் என் அறிவுரை இன்னும் மலிவாக முடிந்திருக்கும்.

அக்டோபரில் அண்ணாச்சி கிளைக்கு வந்தார். சுவிட்சர்லாந்தில் முதல் இரண்டு நாளும் அடைமழையாம். விடுதியிலேயே இருந்து, மூன்றாம் நாள் வெயில் கண்டதும் சீட்டு எடுத்து மலையேறியிருக்கிறார்கள். பனிமலைக்கு முன் மனைவி நிற்கும் படத்தைக் காட்டினார். பாரிஸ் ரயில் நாற்பது நிமிடம் தாமதம், அதற்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். ஒரு மணி ஆகவில்லையே என்றேன். சிரித்துக்கொண்டே அட்டையை நீட்டி, அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்திவிடச் சொன்னார்.